தெரியாது, தெரியல, மொருகெஸ்ஸும்னிதா

டோர் டிரிம்மில், அதாவது கார் கதவின் உட்புற பிளாஸ்டிக் பலகையில், வெள்ளைக் கோடு விழுந்த நாள் அது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரிய கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து எனக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காலைக் கூட்டத்தில் கொரியாவிலிருந்து வந்திருந்த புஜாங்நிம், அதாவது துறைத் தலைவர், கோடு எந்த ஷிஃப்டில் ஆரம்பித்தது என்று கேட்டார். மோல்டிங் சூப்பர்வைசர் அண்ணா, "தெரியல சார்" என்றார். நான் அதை "மொரும்னிதா" என்று சொன்னேன்.

புஜாங்நிம் பேனாவை மூடி வைத்துவிட்டார். கூட்டம் முடியும்வரை அண்ணா பக்கம் திரும்பவே இல்லை.

நான் சொன்னதில் இலக்கணப் பிழை கிடையாது. தெரியாமல் இருப்பதற்குக் கொரிய மொழியில் தனி வினைச்சொல்லே இருக்கிறது: மொருதா. 'அல்தா' என்றால் தெரிந்திருத்தல். அதன் முன் 'இல்லை' என்பதற்கான 'அன்' சேர்த்துப் பேசுவதில்லை, மொருதாவுக்குப் போய்விடுவார்கள். அதன் மரியாதை வடிவம்தான் மொரும்னிதா. ஆனால் மேலதிகாரி கேட்ட கேள்விக்குப் பொறுப்பில் இருக்கிற ஒருவர் இதைப் பதிலாகச் சொன்னால் அது மொட்டையாக விழும். 'எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்' என்று கேட்கும். நடுவில் 'கெஸ்' என்று ஓர் அசை சேர்த்து 'மொருகெஸ்ஸும்னிதா' என்றிருந்தால், 'யோசிக்கிறேன், இப்போதைக்குப் பிடிபடவில்லை' என்ற பணிவு வந்திருக்கும்.

இதை அன்று மாலை ஒரு கொரிய சக ஊழியர் எனக்குச் சொல்லித் தந்தார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் இன்னொன்று உறைத்தது. அண்ணா 'தெரியாது' என்று சொல்லவில்லையே, 'தெரியல' என்றுதானே சொன்னார்! 'தெரியாது சார்' என்றால் கதவைச் சாத்துவது. 'தெரியல சார்' என்றால் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் அகப்படவில்லை என்று அர்த்தம். அவர் பேச்சில் இருந்த பணிவை நான்தான் வழியில் தொலைத்திருக்கிறேன். கொரிய மொழி தேர்வுக்கு அத்தனை இரவு படித்த நான், பிறந்ததிலிருந்து பேசும் தமிழைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அதற்குப் பிறகு லைனில் நிற்பவர்கள் பேசுவதை அப்படியே நோட்டில் எழுத ஆரம்பித்தேன். "நைட் ஷிஃப்ட்ல மோல்டு மாத்திருக்காங்க போல." இந்த 'போல'வுக்குக் கொரிய மொழியில் 'னா ப்வாயோ' இருக்கிறது. தடயத்தைப் பார்த்து ஊகிப்பது. நாமே நேரில் கண்டதற்கு இரண்டு மொழியிலும் ஒட்டாது. "மாத்தினாங்களாம்." காதில் விழுந்த செய்தி, அங்கே 'தேயோ'. "எங்க போனாரோ தெரியல." இது அச்சு அசலாக 'ஒதி கன்னுன்ஜி மொருகெஸ்ஸோயோ'. நம் 'ஓ' உட்காரும் இடத்தில் அங்கே 'ன்ஜி' உட்கார்ந்திருக்கிறது. பார்த்தது எது, கேட்டது எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்ல இரண்டு மொழிக்கும் வாக்கியக் கடைசியில் ஒரு துணுக்கு போதும். ஒரு குறைபாட்டின் மூலத்தைத் தேடும் கூட்டத்தில் இந்தத் துணுக்குகள்தான் சாட்சி. 'மாத்தினாங்களாம்' என்பதை 'மாற்றினார்கள்' என்று நான் மொழிபெயர்த்தால், இரவு ஷிஃப்டில் யாரோ ஒருவர் தலையில் பழி விழும்.

எதிர்த் திசையிலும் ஒரு முறை தவறினேன். மோல்டு ஒன்றைச் சீக்கிரம் அனுப்ப முடியுமா என்று கேட்டதற்குக் கொரியா தரப்பில், "ஒர்யோஉல் கொத் கத்ஸும்னிதா" என்றார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கடினம் போலத் தெரிகிறது'. "கஷ்டமா இருக்கும்னு தோணுதாம்" என்றேன். நம் பர்ச்சேஸ்காரர்கள் இன்னும் பேசிப் பார்க்கலாம் என்று இரண்டு நாள் காத்திருந்தார்கள். உண்மையில் அது 'முடியாது' என்பதன் மரியாதையான வடிவம். 'கொத் கத்' என்பது ஊகத்துக்கும் வரும், தன் கருத்தை அழுத்தாமல் வைப்பதற்கும் வரும், மறுப்புக்கும் வரும். சாப்பாடு ருசிக்கிறது என்பதைக்கூட 'ருசிக்கிற மாதிரி இருக்கிறது' என்பார்கள். சொந்த உணர்வுக்கு எதற்கு 'மாதிரி' என்று கடிந்துகொள்கிற கொரியர்களும் உண்டு. இப்போதெல்லாம் யார் யாரிடம் எதைக் கேட்டதற்கு இந்தப் பதில் என்று பார்த்துவிட்டே வாயைத் திறக்கிறேன்.

போன மாதம் இன்னொரு கூட்டம், அதே அண்ணா. கிளிப் உடைந்த காரணத்தைக் கேட்டார்கள். "தெரியல சார்" என்றார். "மொருகெஸ்ஸும்னிதா" என்றேன். அதோடு 'ஹ்வாகின்ஹே பொகெஸ்ஸும்னிதா', பார்த்துச் சொல்கிறேன், என்று சேர்த்தால் கூட்டம் சுமுகமாக நகரும். அதிலும் அதே 'கெஸ்'தான்; இங்கே வாக்குறுதியாக வரும். ஆனால் அண்ணா அதைச் சொல்லவில்லையே. அவர் கொடுக்காத வாக்கை அவர் பெயரில் நான் எப்படிக் கொடுப்பது?

திரும்பி, "பாத்துட்டுச் சொல்றீங்களா அண்ணா?" என்று கேட்டேன்.

"சாயந்தரத்துக்குள்ள சொல்லிடறேம்மா."

அதன் பிறகுதான் புஜாங்நிம்மிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். தலையசைத்துவிட்டு, பேனாவைத் திறந்து, 'மாலை' என்று குறித்துக்கொண்டார்.