காலநிலைத் திட்டங்களை வரிவரியாகச் சந்தேகிக்க வேண்டும்

பூமி சூடாகிறதா இல்லையா என்ற வாதத்தில், தனிமனிதச் சுதந்திரத்தை முன்வைத்து அரசின் தலையீட்டைக் குறைக்கச் சொல்லும் லிபர்டேரியன்கள் பலர் வீணாகக் காலம் கழிக்கிறார்கள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிந்ததுதான் முக்கியக் காரணம். சொத்துரிமையையும் சிறிய அரசையும் நம்புகிறவர் இதை மறுக்க வேண்டிய தேவையே இல்லை. நாம் கேட்க வேண்டியது வேறு: அரசு கொண்டுவரும் திட்டம் யாருக்கு எதற்காகப் பணம் கொடுக்கிறது, தவறாகப் போனால் நட்டம் யார் தலையில் விழுகிறது, அதை நிறுத்த யாரால் முடியும்?

வட அயர்லாந்தில் 2012 நவம்பரில் தொடங்கிய வெப்ப ஊக்கத்தொகைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் பாய்லரை எடுத்துவிட்டு மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டில் ஓடும் பாய்லரை வைக்கும் தொழிற்கூடங்களுக்கும் பண்ணைகளுக்கும், உண்டாக்கும் ஒவ்வொரு யூனிட் வெப்பத்துக்கும் 20 ஆண்டுகள் பணம் என்பது ஏற்பாடு. 100 கிலோவாட்டுக்குக் குறைந்த நடுத்தர பாய்லருக்கு யூனிட்டுக்குச் சுமார் 5.9 பென்ஸ் (100 பென்ஸ் ஒரு பவுண்டு). திட்டம் போட்டபோது கணக்கில் எடுத்த எரிபொருள் விலையோ சுமார் 4.4 பென்ஸ். அதாவது, எரிக்க எரிக்க யூனிட்டுக்கு ஒன்றரை பென்ஸ் கையில் நிற்கும். 99 கிலோவாட் பாய்லரை ஆண்டின் 8,760 மணி நேரமும் ஓட்டினால் சுமார் 8,67,000 யூனிட். வெப்பம் யாருக்கும் தேவைப்படாவிட்டாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 பவுண்டு லாபம்.

கிரேட் பிரிட்டனில் இருந்த இதே மாதிரித் திட்டத்தில் இதற்கு ஒரு தடை இருந்தது. ஆண்டின் முதல் 1,314 மணி நேரத்துக்கு, அதாவது மொத்த நேரத்தில் 15 சதவீதத்துக்கு மட்டுமே உயர்ந்த விகிதம். அதன் பிறகு கிடைப்பது எரிபொருள் செலவுக்கே போதாது. ஆகவே தேவைக்கு மேல் எரித்தால் நட்டம். வட அயர்லாந்தில் சட்டத்தை எழுதியபோது இந்த அடுக்கு முறையை விட்டுவிட்டார்கள். இன்னொரு ஓட்டையும் சேர்ந்துகொண்டது. 100 கிலோவாட்டைத் தாண்டிய பாய்லருக்கு விகிதம் மிகக் குறைவு என்பதால், ஒரு பெரிய பாய்லர் போதுமான இடத்தில் பல 99 கிலோவாட் பாய்லர்களை வரிசையாக வைத்தார்கள். ஆளில்லாத கொட்டகைகளைச் சூடாக்குகிறார்கள் என்ற புகார்களும் வந்தன.

2013லேயே ஒரு தொழில்முனைவோர் திட்டத்தை நடத்திய அரசுத் துறைக்கு எழுதி, அதிகமாக எரிக்கத் தூண்டும் திட்டம் இது என்று எச்சரித்தார். கேட்பாரில்லை. செலவை லண்டன் கருவூலம் முழுதாக ஏற்கும் என்ற தவறான எண்ணம் அதிகாரிகளிடம் இருந்தது. புதிய விண்ணப்பங்களை 2016 பிப்ரவரியில் நிறுத்திய பிறகு, 20 ஆண்டுக் கூடுதல் செலவு 490 மில்லியன் பவுண்டு வரை போகலாம் என்ற மதிப்பீடு வந்தது. 2017 ஜனவரியில் வட அயர்லாந்து அரசாங்கமே கவிழ்ந்தது. 2020 மார்ச்சில் வெளியான விசாரணை அறிக்கை, தோல்விக்குப் பெரும்பாலும் ஊழல் காரணமல்ல, அடுக்கடுக்கான தவறுகளே காரணம் என்றது. எனக்கு இதில் மிகவும் கனமாகப் படுவது அந்த முடிவுதான். திருடர்கள் இருந்திருந்தால் அவர்களைப் பிடித்துத் திட்டத்தைக் காப்பாற்றலாம். நேர்மையானவர்களே இப்படிச் செய்தார்கள் என்றால், கோளாறு அமைப்பில் இருக்கிறது: சொந்தப் பணத்தைப் போட்ட ஒருவர் முதல் மாதக் கணக்கிலேயே இந்த ஓட்டையைக் கண்டிருப்பார்.

எந்த நாட்டின் மானியத் திட்டம் கையில் வந்தாலும் அறிவிப்பு உரையை விட்டுவிட்டு விகித அட்டவணையைப் படியுங்கள். குறைந்த உமிழ்வுக்குப் பணமா, எரித்த அளவுக்கா? ஒரு யூனிட்டுக்குத் தரும் தொகை அதைச் செய்ய ஆகும் செலவைவிட அதிகமா? தனிநபருக்கு உச்சவரம்பு உண்டா, மொத்தச் செலவுக்கு உண்டா? விகிதத்தைக் குறைக்கும் அதிகாரம் துறைக்கு இருக்கிறதா, அல்லது ஒவ்வொரு தடவையும் சட்டமன்றத்துக்குப் போக வேண்டுமா? கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வட அயர்லாந்தில் ஓட்டை தெரிந்த பிறகும் அதை அடைக்க மாதக்கணக்கில் ஆனது. அந்த இடைவெளியில்தான் விண்ணப்பங்கள் குவிந்தன.

சர்வதேச அளவில் இதே நோய் கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தின் தூய்மை வளர்ச்சி முறையில் வந்தது. வளரும் நாட்டு ஆலை உமிழ்வைக் குறைத்தால், பணக்கார நாடுகளுக்கு விற்கக்கூடிய சான்று கிடைக்கும் ஏற்பாடு அது. ஹெச்சிஎஃப்சி-22 என்ற குளிர்பதன வாயுவைத் தயாரிக்கும்போது ஹெச்எஃப்சி-23 கழிவாக வெளிவரும். அதில் ஒரு டன்னை எரித்து அழித்தால் 11,700 டன் கரியமில வாயுவைக் குறைத்ததாகக் கணக்கு. அழிக்கும் செலவு மிகச் சொற்பம், கிடைக்கும் உமிழ்வுச் சான்றுகளின் விலையோ பல மடங்கு. சீனாவிலும் இந்தியாவிலும் இருந்த ஆலைகளுக்கு விற்பனைப் பொருளைவிடக் கழிவு அதிக வருமானம் தந்தது. கழிவு எவ்வளவு வருகிறதோ அவ்வளவு சான்று என்றால், கழிவைக் குறைக்க எந்த ஆலை முயலும்? 2013லிருந்து இந்தச் சான்றுகளை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்க மறுத்தது. அந்த ஒன்றியத்தின் சொந்த உமிழ்வுச் சந்தையும் 2005இல் தொடங்கியபோது நிறுவனங்களுக்குத் தேவைக்கு அதிகமான உமிழ்வு அனுமதிகளை இலவசமாகக் கொடுத்திருந்தது. உண்மையான உமிழ்வு விவரம் 2006இல் வெளிவந்ததும் அனுமதியின் விலை சரிந்து, 2007 இறுதியில் கிட்டத்தட்ட பூஜ்யத்தைத் தொட்டது.

அப்படியென்றால் மானியத்தை விட்டுவிட்டு நேரடியாகக் கார்பன் வரி போடலாமே? பொருளியலாளர்களுக்குப் பிடித்த விடை அது. மானியங்களைவிட அது மேல் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு வரி? ஒரு டன் கரியமில வாயுவால் வரும் சேதத்தின் மதிப்பு, எதிர்காலத்தை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கழிக்கிறோம் என்பதில் தொங்குகிறது. நூறு ஆண்டு கழித்து வரும் 100 டாலர் சேதம், 7 சதவீதம் கழித்தால் இன்று சுமார் 12 சென்ட். 3 சதவீதம் என்றால் 5 டாலர் 20 சென்ட். 2 சதவீதம் என்றால் ஏறக்குறைய 13 டாலர் 80 சென்ட். டிரம்பின் முதல் ஆட்சியில் அமெரிக்க அரசு ஒரு டன்னுக்கு 1 முதல் 7 டாலர் என்றது. 2023இல் அதே நாட்டின் சுற்றுச்சூழல் முகமை 190 டாலர் என்றது. இந்த இடைவெளிக்குப் பெரும் காரணம் எதிர்காலத்தைக் கழிக்கும் விகிதமும், உலகச் சேதத்தை எண்ணுவதா உள்நாட்டுச் சேதத்தை மட்டுமா என்ற தேர்வும்தான். இயற்பியல் தலைகீழாக மாறிவிடவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் இப்படி மாறும் எண்ணை அறிவியல் சொன்ன விலை என்று யாரும் விற்கக் கூடாது.

வசூலித்த பணம் எங்கே போகும் என்பதும் சிக்கல். வாஷிங்டன் மாநிலத்தில் 2016இல் வாக்கெடுப்புக்கு வந்த திட்டம் கார்பன் வரியை வசூலித்து, அதே அளவுக்கு விற்பனை வரி உள்ளிட்ட பிற வரிகளைக் குறைக்க முன்வந்தது. பசுமை அமைப்புகள் சிலவே அதை ஆதரிக்க மறுத்தன. திட்டங்களுக்குச் செலவிட அதில் பணம் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. வாக்கெடுப்பில் அது தோற்றது.

புதிதாக எதையும் சேர்க்கும் முன் அரசு கழற்ற வேண்டியது ஏராளம். பன்னாட்டு நிதியத்தின் கணக்குப்படி 2022இல் உலக அரசுகள் புதைபடிவ எரிபொருளின் விலையை நேரடியாகக் குறைக்கக் கொடுத்தது 1.3 டிரில்லியன் டாலர். அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டம், உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே சரக்கை அமெரிக்கக் கப்பல்தான் ஏற்ற வேண்டும் என்கிறது. அதனால் ரோட் தீவுக் கடலில் 2016இல் காற்றாலை நிறுவ ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல் கடலிலேயே நிற்க, பாகங்களை வேறு படகுகள் கொண்டுபோய்க் கொடுத்தன.

வெள்ளக் காப்பீடு இன்னும் மோசம். 1968இல் தொடங்கிய அமெரிக்க அரசுக் காப்பீடு, அபாயத்துக்கு ஏற்ற பிரீமியத்தை வாங்கவில்லை. திரும்பத் திரும்ப முழுகும் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் பணம் கொடுத்தது. கரையோரத்தில் கட்டாதே என்று விலை சொல்லியிருக்க வேண்டிய செய்தியை அரசே அழித்தது. 2012இல் நாடாளுமன்றம் பிரீமியத்தை உயர்த்தச் சட்டம் போட்டது, எதிர்ப்பு கிளம்பியதும் 2014இல் பெருமளவு பின்வாங்கியது. 2017இல் 16 பில்லியன் டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது. 2021இல் வந்த புதிய விலைமுறை அபாயத்தைச் சரியாக அளக்கிறது என்றாலும், பெரும்பாலான வீடுகளுக்கு ஆண்டு உயர்வு 18 சதவீதத்துக்கு மேல் போகச் சட்டம் விடாது. கடல் மட்டம் உயரும் காலத்தில் ஓர் அரசு செய்யக்கூடிய மிக எளிய நன்மை, கரையில் குடியேற மக்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்துவது.

இனி லிபர்டேரியன்களான நம் தரப்பின் கடமை. சொத்துரிமையை நம்புகிறவர், அடுத்தவர் நிலத்தைக் கெடுத்தவர் ஈடு தர வேண்டும் என்பதையும் நம்பியாக வேண்டும். அரசு தலையீட்டுக்கு எதிரான சட்டப் பேராசிரியர் ஜொனாதன் ஆட்லர் பல ஆண்டுகளாக இதை வலியுறுத்துகிறார். அலாஸ்காவில் சுமார் 400 பேர் வாழும் கிவலினா கிராமத்துக்கு, இலையுதிர்காலப் புயலிலிருந்து கரையைக் காத்த கடல்பனி இப்போது தாமதமாகவே உறைகிறது. கரை அரிக்கிறது. ஊரை இடம்பெயர்க்க 95 முதல் 400 மில்லியன் டாலர் ஆகும் என்று மதிப்பிட்டு, 2008இல் எண்ணெய், மின் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார்கள். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டது 2011ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: தூய காற்றுச் சட்டம் உமிழ்வை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைச் சுற்றுச்சூழல் முகமையிடம் கொடுத்துவிட்டதால், நீதிமன்றத் தீர்ப்புகள் வழியே உருவான கூட்டாட்சிப் பொதுச்சட்டத்தின் கீழ் இந்த வழக்குக்கு இடமில்லை. முகமை ஒழுங்குபடுத்தாமலே இருந்தாலும் கதவு மூடியதுதான்.

இந்தக் கதவைத் திறக்கச் சொல்வதுதான் என் நிலைப்பாடு. இழப்பீட்டு வழக்குகளை ஒழுங்குமுறைச் சட்டம் தடுக்காது என்று ஒரு வரித் திருத்தம் போதும். அதன் பிறகு வருவது கடினமான வேலை: எண்ணெயை எடுத்தவரா எரித்தவரா பொறுப்பு, பல கோடிப் பேரின் உமிழ்வில் ஒரு நிறுவனத்தின் பங்கை எப்படிப் பிரிப்பது, விளைவு தெரியாத காலத்து உமிழ்வுக்கு யாரைக் கேட்பது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் முதல் அறிக்கை வந்த 1990க்குப் பிறகானதை மட்டும் எண்ணுவது நியாயமான தொடக்கம் என்று நினைக்கிறேன். அதற்கு முந்தையதைப் பற்றி லிபர்டேரியன்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, அதை வெளிப்படையாக விவாதிக்க வேண்டும்.