மதுரைக்குச் சாக்லேட் தர மறுத்தவர்

"மதுரைக்கா? மே மாசத்துலயா? வேணாம் தம்பி. இங்கேயே உட்கார்ந்து தின்னுட்டுப் போங்க."

கையில் காசை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், கடைக்காரர் சரக்கைத் தர மாட்டேன் என்கிறார். இத்தனை வருஷத்தில் ரேஷன் கடை தவிர வேறெங்கும் எனக்கு இப்படி நடந்ததில்லை. இத்தனைக்கும் நான் கேட்டது அரைக் கிலோதான்.

கோத்தகிரியில் போன வருஷம் மே மாதம் நடந்த கதை இது. முதலில் எப்படி அங்கே போனோம் என்று சொல்லிவிடுகிறேன். லீவு விட்டால் ஊட்டி என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம், ஆனால் அதற்கு முந்தைய வருஷம் சேரிங் கிராஸில் ஒன்றரை மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்ததில் என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். அதனால் இந்த முறை கோத்தகிரி. கூட்டம் குறைவு, குளிர் கிட்டத்தட்ட அதே குளிர். மேட்டுப்பாளையம் தாண்டி வலது பக்கம் பிரியும் சாலை, குன்னூர் பாதை அளவுக்குக் கொண்டை ஊசி வளைவு கிடையாது, என் பெண்ணும் வாந்தி எடுக்காமல் வந்தாள். குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் இ-பாஸ் பார்த்தார்கள் (2024 மே 7-லிருந்து நீலகிரிக்குள் வெளியூர் வண்டி நுழைய இது வேண்டும், கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு சிக்னல் தேடாதீர்கள்). ரோட்டோரம் பலாப்பழம் குவித்து வைத்திருந்தார்கள். பழ வாசனைக்கு யானை வரும், இருட்டுவதற்குள் மேலே ஏறிவிடுங்கள் என்று விற்கிற அம்மாவே சொன்னார்.

சாக்லேட் வாங்கும் எண்ணமே எனக்கு இல்லை. காரணம், அந்த முந்தைய வருஷத்து அனுபவம். ஊட்டியில் ஒரு கடையில் 'ஹோம்மேட்' என்று எழுதியிருந்ததை நம்பி இரண்டு கிலோ வாங்கி ஆபீஸ் முழுக்கக் கொடுத்தேன். மேலண்ணத்தில் ஒரு படலம் ஒட்டிக்கொண்டு காபி குடித்தாலும் போகவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் மட்டும் மரியாதையாக, "சார், இது மெழுகுவத்தியா, சாக்லேட்டா?" என்று கேட்டார். ஒரு வாரம் கேலி ஓடியது.

கோத்தகிரியில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மாதான், "சிலோன்காரர் கடைக்குப் போனீங்களா?" என்றார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கீழே இறங்குகிற ஒரு சந்தில் இருக்கிறது. போர்டில் வேறு பெயர், ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். இரண்டு கண்ணாடி அலமாரி, ஒரு தராசு, ஒரு ஸ்டூல். பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். நான் மாவு அரைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவருக்கு அறுபதை நெருங்கும் வயது, குரங்குக் குல்லா, ஸ்வெட்டருக்கு மேலே ஏப்ரன். நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே இரண்டு அலமாரிகளையும் காட்டி, "இது காம்பவுண்டு, அது சாக்லேட்டு. எது வேணும்?" என்றார்.

வித்தியாசத்தை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். கோகோ விதையை அரைத்தால் அதிலேயே பாதிக்கு மேல் கொழுப்பு, அதுதான் கோகோ வெண்ணெய். அது விலை அதிகம். அதை எடுத்துவிட்டு, மிஞ்சிய கோகோ தூளுடன் பாமாயில் வகைக் கொழுப்பைச் சேர்த்துக் கட்டியாக்கி வருவது காம்பவுண்டு. ஐந்து கிலோ பாளமாக வரும், உருக்கி, முந்திரியோ திராட்சையோ பொரியோ போட்டு, அச்சில் ஊற்றினால் ஆச்சு. மலையில் விற்கிற ஹோம்மேடில் பெரும்பாலானது இதுதான். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும், அதாவது நம் நாக்குச் சூட்டுக்குச் சற்றுக் கீழே, அதனால் வாயில் வைத்ததும் கரைந்து ஓடிவிடும். காம்பவுண்டுக் கொழுப்பில் பல வகை அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில்தான் முழுக்க இளகும், மிச்சம் மேலண்ணத்தில் உட்கார்ந்துகொள்ளும். என் ஆபீஸ் மர்மம் அங்கேயே தீர்ந்தது. அதே காரணத்தால்தான் அது மதுரை வரைக்கும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்றும் சொன்னார்.

"அப்போ அதை ஏன் விக்கிறீங்க அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவர் கோபப்படவில்லை.

"அதை வித்துத்தான் ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வச்சேன். குழந்தைங்க கேக்கிறது அதைத்தான். அதுவும் தப்பான சாமான் இல்ல தம்பி, பேர்தான் தப்பு." அப்புறம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அண்ணாச்சிங்கிறீங்க. திருநெல்வேலியா?"

"தென்காசிப் பக்கம். இப்போ மதுரை."

"குற்றாலத்துக்காரரா நீங்க!" என்று ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார். "இந்தியாவுக்குக் கொக்கோ முதல்ல வந்ததே உங்க ஊருக்குத்தான், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அருவி தெரியும், பார்டர் பரோட்டா தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1798-இல் இந்தோனேசியாவின் அம்பொய்னா தீவிலிருந்து கன்று கொண்டுவந்து குற்றாலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். பெரிய அளவில் விவசாயம் என்று வந்தது 1960-களுக்குப் பிறகு, அதுவும் கேரளத்தில். இதைக் குற்றாலத்தில் ஈரத்துண்டோடு வளர்ந்த எனக்கு ஒரு கோத்தகிரிக்காரர் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது.

சரி, அவர் கோத்தகிரிக்காரரும் இல்லை. பிறந்தது இலங்கையில், மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு). மாத்தளையில் அந்தக் காலத்தில் கோகோ நிறைய. காய் கிளை நுனியில் தொங்காது, பலா மாதிரி மரத்தின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும், பையன்களுக்குக் கை எட்டும். கங்காணி பார்க்காத நேரம் ஒன்றைப் பறித்துக் கல்லில் அடித்து உடைத்தால் உள்ளே சுளை சுளையாக வெள்ளைச் சதை, புளிப்பும் இனிப்புமாக. சதையைச் சூப்பிவிட்டு விதையைத் துப்பிவிடுவார்களாம். "எதுக்கு அந்த மரத்தை வச்சிருக்கானோ அதைத்தான் துப்பினோம்" என்று சொல்லிச் சிரித்தார். சாக்லேட் என்ற ஒன்றை அவர் அந்த வயதில் பார்த்ததே இல்லை.

1964-இல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில், தோட்ட வேலைக்கு இங்கிருந்து இலங்கை போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்கள் ஐந்து லட்சத்துச் சொச்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானது. இவர் குடும்பத்துக்கு 1974-இல் முறை வந்தது. ஏழு வயது. தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம், அங்கிருந்து கோத்தகிரி டேன்டீ தோட்டம். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968-இல் அந்தத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. "அங்கயும் லயம், இங்கயும் லயம். அம்மா கூடையை மட்டும் மாத்தினாங்க" என்றார். இதை அவர் ஒரு துண்டு சாக்லேட்டை உடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார், எனக்குத்தான் அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. அப்பா வழியில் ஒருவரும் இவர்களோடு வரவில்லையாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினாலு வயதில் ஊட்டியில் ஒரு பேக்கரியில் வர்க்கி போடச் சேர்ந்திருக்கிறார். அப்புறம் சாக்லேட் கடையில் அச்சு ஊற்றும் வேலை, அப்புறம் சொந்தக் கடை. விதையிலிருந்து செய்ய ஆரம்பித்தது எட்டு வருஷமாகத்தான். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகக் கோகோ போட்டிருக்கும் ஒருவர் தோப்புக்குப் போனபோது, உடைத்த காயிலிருந்து ஒரு சுளையை வாயில் போட்டாராம். "நாப்பது வருஷம் கழிச்சு அதே புளிப்பு" என்றார்.

திரையை விலக்கிக் காட்டினார். நான் மாவு என்று நினைத்தது சரிதான், கிட்டத்தட்ட. மேஜை மேல் வைக்கிற இட்லி கிரைண்டர் மூன்று. அதில் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே கறுப்பாக, பளபளவென்று, எள்ளுருண்டைப் பாகு மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. 30 மணி நேரம் விடாமல் ஓட வேண்டுமாம். நாக்குக்கு மணல் தெரியாத அளவுக்கு நைசாவதற்கு அவ்வளவு நேரம் ஆகிறது. கிட்டப் போய் முகர்ந்தால் முதலில் காடி வாசனை, மூக்கில் சுருக்கென்றது. விதையைச் சதையோடு மரப்பெட்டியில் போட்டு வாழை இலையால் மூடி ஐந்தாறு நாள் புளிக்க வைக்கிறார்கள், அந்தப் புளிப்புதான் அரைக்க அரைக்க ஆவியாகி வெளியே போகிறது. இரண்டாவது கிரைண்டர் முதல் நாள் போட்டது, அதில் காடி வாசனை இல்லை, உலர் திராட்சை வாசனை. நான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மூன்று முறை நடந்தேன்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறிய அளவில் சாக்லேட் செய்கிற பல பேர் பயன்படுத்துவது நம் ஊர் இட்லி கிரைண்டரைக் கொஞ்சம் மாற்றி அமைத்த இயந்திரத்தைத்தான். சாதாரண கிரைண்டர் முப்பது மணி நேரம் தாங்காது. இவருடைய முதல் இரண்டு மோட்டாரும் புகைந்து போயின. இப்போதிருப்பது அதற்கென்றே வலுவான மோட்டார் வைத்தது. கரண்ட் போனால்தான் வில்லங்கம். கோத்தகிரிக் குளிரில் அரை மணியில் எல்லாம் இறுகி, கல்லும் தொட்டியும் ஒரே பிண்டமாகிவிடும். "அப்ப இதுதான்" என்று ஆணியில் தொங்கிய ஹேர் டிரையரைக் காட்டினார். மகள் கல்லூரிக்குப் போகும்போது விட்டுப்போனதாம். ஒரு மழை ராத்திரி இரண்டு மணி வரைக்கும் கிரைண்டர் கல்லுக்குத் தலை உலர்த்தியதாகச் சொன்னார். தண்ணீர் மட்டும் ஆகாது. ஒரு சொட்டு விழுந்தாலும் முழுத் தொட்டியும் திரிந்து மண்ணாகிவிடும். அதனால்தான் நாட்டுச் சர்க்கரை போட்டுப் பார்த்தது தோற்றது, அதில் ஈரம் அதிகம்.

அரைத்ததை அப்படியே அச்சில் ஊற்ற முடியாது. 45 டிகிரி சூடாக்கி, கருங்கல் பலகையில் கொட்டி, தோசைக் கரண்டியைவிடக் கொஞ்சம் அகலமான தகட்டால் பரப்பிப் பரப்பிச் சேர்த்து 27-க்குக் கொண்டுவந்து, திரும்பவும் 31-க்கு ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால்தான் கொழுப்பு ஒரே சீராக இறுகிப் பளபளப்பு வரும், உடைத்தால் 'டக்' என்று சத்தம் வரும். தெர்மாமீட்டர் வைத்திருக்கிறார், ஆனால் நான் பார்த்தவரை அதைத் தொடவில்லை. ஒரு பொட்டு எடுத்துக் கீழுதட்டில் வைத்துக்கொண்டார். "சுடக் கூடாது. லேசாக் குளிரணும்." மலையில் சாக்லேட் தொழில் வளர்ந்ததற்குக் காரணமே இதுதான், ஏசி இல்லாமல் அறையே அதை இறுக வைத்துவிடும். மதுரையில் இதைச் செய்தால் லாபத்தை மின்வாரியம் கொண்டுபோய்விடும்.

சுவை எப்படி என்று கேட்பீர்கள். 70 சதவீதம் கோகோ, 30 சதவீதம் சர்க்கரை, வேறொன்றும் இல்லை. முதல் கடியில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், கசப்பு. மென்று தள்ளாமல் நாக்கில் விடச் சொன்னார். விட்டேன். கசப்பு அடங்கி நாவல் பழம் தின்ற பிறகு வருகிற மாதிரி ஒரு துவர்ப்பு, கடைசியில் புளிப்பாக ஒரு வாலு. என் மனைவி இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினாள். என் பெண் துப்பிவிட்டு காம்பவுண்டு அலமாரியில் வெள்ளைச் சாக்லேட்டைக் காட்டினாள். அவர் ஜெயித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். சுக்குப் போட்ட ஒன்றும் இருக்கிறது, அருமை. மிளகாய் போட்டது வேண்டாம், வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்கள் என்று செய்கிறாராம், எனக்குப் பிடிக்கவில்லை என்று அவரிடமே சொன்னேன்.

2024-இல் மட்டும் நாலு மாதம் விதையிலிருந்து செய்கிற இந்த வகையை நிறுத்தியிருக்கிறார். கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விளைச்சல் படுத்தது, உலகக் கோகோவில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான். டன் 10,000 டாலரைத் தாண்டியது. நம் பக்கமும் கிலோ இருநூற்றைம்பது வாக்கில் இருந்த காய்ந்த விதை ஆயிரத்தைத் தொட்டது. "விவசாயிக்கு நல்லதுதானே, நான் எப்படி வருத்தப்படுறது" என்றார். அலமாரியைக் காலியாகவே வைத்திருந்தாராம், காம்பவுண்டை அதில் மாற்றி அடுக்கவில்லை.

இனி மதுரை விஷயம். நான் விடவில்லை. கடைசியில் இறங்கி வந்து, "ஃபிளாஸ்க் வச்சிருக்கீங்களா?" என்றார். பெண்ணுக்கு வெந்நீர் எடுத்துவந்த அகல வாய் ஃபிளாஸ்க் வண்டியில் இருந்தது. அதைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, துணியால் ஈரம் போகத் துடைத்து, கொஞ்ச நேரம் வெளியே திண்ணையில் வைத்துவிட்டு, சாக்லேட்டைத் தினத்தந்தியில் சுற்றி உள்ளே இறக்கினார். ஃபிளாஸ்க்கில் எவ்வளவு போகுமோ அவ்வளவுதான் விற்பேன் என்றார். இருநூறு கிராம் போனது. ஒரே ஒரு பாரை நான் தெரியாமல், சரி, அவருக்குத் தெரியாமல், அவர் மனைவியிடம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஃபிளாஸ்க்கில் வந்தது மதுரையில் 'டக்' என்று உடைந்தது. பையில் வந்தது திண்டுக்கல் தாண்டுவதற்குள் கூழாகி, வீட்டில் ஃபிரிட்ஜில் வைத்ததும் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இறுகியது. பூஞ்சை பிடித்துவிட்டது என்று மனைவி தூக்கிப்போடப் போனாள். அவருக்கே ஃபோன் பண்ணினேன். "என் வீட்டுக்காரிகிட்ட வாங்கினதா?" என்பதுதான் முதல் கேள்வி. "பூஞ்சை இல்ல, கொழுப்பு மேல ஏறி வந்துருக்கு. பால்ல போட்டுக் காய்ச்சிக் குடிங்க." அப்புறம், "குற்றாலம் போனா அங்க கொக்கோ மரம் ஏதாவது மிச்சம் இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க தம்பி."

ஜூலையில் சாரலுக்குப் போனோம். ஐந்தருவிப் பக்கம் பழக்கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான் எல்லாம் இருந்தது. ஒரு கடை விடாமல், "அண்ணாச்சி, கோகோ இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசிக் கடைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மேலே தொங்கிய சரத்திலிருந்து ஒரு பூஸ்ட் பாக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.