மூன்றாவது பிஸ்கட்

இன்று ஆபீஸில் பக்கத்து இருக்கைத் தோழி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். மூன்றாவதைக் கடித்ததும், "டயட் போச்சு, இனி மிச்சம் வெச்சு என்ன?" என்று பாக்கெட்டையே காலி செய்துவிட்டார்.

எனக்கு அந்த "டயட் போச்சு"தான் கவலை.

1975இல் ஹெர்மன், மேக் என்ற ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள், முதலில் மில்க்‌ஷேக் குடித்துவிட்டால், பிறகு வைத்த ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. கூடுதலாகத் தின்ற 300 கலோரி அப்படியே கொழுப்பானாலும் 40 கிராம்தான்.

மறுநாள் எடை மெஷின் ஒரு கிலோ கூட்டிக் காட்டினால், பெரும்பாலும் அது உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த தண்ணீர். சில நாளில் இறங்கிவிடும். பயந்துபோய்ப் பட்டினி கிடந்தால்தான் சாயங்காலம் தாங்க முடியாமல் போகும்.

ஆசை வந்தால் மல்லுக்கட்ட வேண்டாம், தள்ளிப்போடுங்கள். தண்ணீர் குடித்து, கொஞ்சம் நடந்து, 15 நிமிடம் கழித்து முடிவெடுங்கள். பல நேரம் தணிந்திருக்கும்.

அப்போதும் வேண்டுமா? சாப்பிடுங்கள். இரண்டைத் தட்டில் எடுத்து, பாக்கெட்டை மூடி அலமாரியில் வைத்த பிறகுதான் முதல் கடி. உட்கார்ந்து, போனை ஓரமாக வைத்துவிட்டு.

தினமும் ஒரே நேரத்தில் ஆசை வருகிறதென்றால் மனசைத் திட்டாதீர்கள், மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். புரதம் குறைவாக இருக்கலாம். அந்த ஒரு வேளையில் மொத்தம் 25 கிராம் வரும்படி கூட்டிப் பாருங்கள். தூக்கம் கெட்ட மறுநாளும் இனிப்பு அதிகமாக இழுக்கும். அன்றைக்குப் பசியோடு கடைக்குப் போகாதீர்கள்.