39 டாலர் கட்டும் முன் நூலகரை அழையுங்கள்

பகலில் அம்பத்தூரில் வேலை, ராத்திரியில் ஆன்லைனில் எம்.ஏ. பொருளாதாரம். பெரம்பூர் வீட்டில் குழந்தை தூங்கிய பிறகுதான் லேப்டாப்பைத் திறப்பேன். எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கும் பாத்தியதை உண்டு என்பதே தெரியாமல் முதல் செமஸ்டரை ஓட்டிவிட்டேன். வளாகத்தில் படிப்பவர்கள் கேன்டீனுக்குப் போகும் வழியிலாவது நூலகத்தைப் பார்ப்பார்கள். எங்களுக்கு வீடியோ, பிடிஎஃப், தேர்வுத் தேதி, அவ்வளவுதான்.

வீட்டுவேலை செய்யும் பெண்களின் கூலி பற்றி ஒரு அசைன்மென்ட். தேடிப் பிடித்த கட்டுரை 39 டாலர் கேட்டது. 3,000 ரூபாய்க்கு மேல்! மறுநாள் மதியம் தயங்கித் தயங்கி நூலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த மேடம் முதலில் கேட்டதே, "காசு கட்டிடலையேம்மா?"

அந்த இதழுக்குப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கிறதாம். வளாகத்துக் கம்ப்யூட்டரில் தானாகத் திறந்துவிடும். வெளியில் இருப்பவர்கள் இதழின் பக்கத்தில் நிறுவனம் வழியாக நுழையும் இடத்துக்குப் போய், இன்ஃபெட் (இந்தியக் கல்வி நிறுவனங்களின் ஐடியை வைத்து இதழ்களுக்குள் நுழைய உதவும் பொது ஏற்பாடு) என்பதைத் தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடி, நூலகம் தரும் ஐடியைப் போட வேண்டும். அன்று மாலையே எனக்கு ஐடி வந்தது.

அதோடு அவர் விடவில்லை. சனிக்கிழமை என் திரையைப் பகிரச் சொல்லி, நான் எப்படித் தேடுகிறேன் என்று அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். நான் 'மெய்ட்' என்று தேடிக்கொண்டிருந்தேன், ஆய்வாளர்கள் பெரும்பாலும் 'டொமஸ்டிக் ஒர்க்கர்' என்றுதான் எழுதுவார்களாம். அப்புறம் ஷோத்கங்கா என்ற இணையதளம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம். ஒரு நல்ல ஆய்வேட்டின் கடைசியில் இருக்கும் நூற்பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனால் வேண்டிய கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கும் என்று அவர் காட்டியது எந்தப் பாட வீடியோவிலும் வரவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1924-ல் நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலகங்களுக்காக 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். எங்களுக்கு அந்த வண்டி கோர்ஸ் பக்கத்துக்குள்ளேயே வர வேண்டும்: முதல் வாரமே நூலகரின் பெயரும் எண்ணும், வாரத்தில் ஒரு ராத்திரியாவது பேச நேரமும். அதற்குத் தனியாக ஆள் போட வேண்டும், வளாக வேலையோடு சேர்த்து ஒருவர் தலையிலேயே இதையும் கட்டுவது நியாயமில்லை.

ஒருங்கிணைப்பாளருக்கு இதையெல்லாம் எழுதியிருக்கிறேன். மேடத்திடம் கேட்டுக்கொண்டு, நூலக எண்ணை எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். அன்றைக்கே நாலு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள்.