அப்பாவும் ஒரு எண்ணெய் டின்னும்

அப்பா பெயர் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் எங்களிடம் சொன்னார். சிங்கப்பூரில் எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தில் நிதி திரட்ட பார்பிக்யூ போட்டி. குழுவுக்கு நான்கு பேர், இரண்டு அடுப்பு. கோழி கட்டாயம், இன்னொன்று நம் விருப்பம். நடுவர்களுக்கு ஒரு தட்டு போக, மீதியைக் கூப்பனுக்கு விற்க வேண்டும். அந்தப் பணம் பேட்டையில் தனியாக இருக்கும் முதியவர்களின் சாப்பாட்டுக்கு. "நான், நீ, உன் அம்மா, தம்பி. கணக்கு சரியா வந்துடுச்சு பாரு" என்றார். எங்களுக்குச் சம்மதமா என்ற பேச்சே வரவில்லை.

துறைமுகத்தில் முப்பது வருடம் பாரந்தூக்கி ஓட்டிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகு சமையலில் இறங்கினார். மசாலா நன்றாக வரும். அதனாலேயே போட்டி முடிந்தது மாதிரிதான் என்று நினைத்தார்.

விளக்கக் கூட்டத்துக்கு நான்தான் உடன் போனேன். கோழி ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் வாங்கி, ரசீதைக் காட்ட வேண்டும். பச்சைக் கறி 5 டிகிரிக்குக் கீழே, சமைத்தது 60 டிகிரிக்கு மேலே, கோழியின் நடுப்பகுதி குறைந்தது 75 டிகிரி. "குத்திப் பார்க்க வெப்பமானி கொண்டு வாங்க" என்றதும் அப்பாவுக்குக் கோபம். தொட்டாலே தெரியுமாம் அவருக்கு.

வீட்டுத் தாழ்வாரத்தில் கரி மூட்ட முடியாது. அதனால் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்தில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓர் அடுப்பைப் பதிவு செய்து ஒத்திகை பார்த்தோம். பன்னிரண்டு தொடை. பத்து நிமிடத்தில் பன்னிரண்டும் கறுத்துப்போயின. ஒன்றை வெட்டினால் எலும்போரம் ரத்தம். தொட்டாலே தெரியும் என்றவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த அடுப்பில் சாத்தே சுட்டுக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் எட்டிப் பார்த்து, "அப்பி பெசார் சங்காட், பாங்" என்றார். நெருப்பு ரொம்பப் பெரிசு, அண்ணே. அப்பாவுக்கு மலாய் நன்றாக வரும். நாங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார், அவர் சொன்னதை அரைமணி நேரம் நின்று கேட்டார். நாங்கள் செய்த தப்பு இரண்டு. தீ நாக்கு அடங்கி, கரி மேல் சாம்பல் பூக்கும் முன்பே கறியைப் போட்டது ஒன்று. ஊறவைத்த மசாலாவிலேயே குலா மெலாக்கா என்ற வெல்லத்தைக் கரைத்தது இன்னொன்று. சர்க்கரை முதலில் கருகும், உள்ளே வேக நேரமிருக்காது.

இரண்டாவது ஒத்திகையில் கரியை ஒரு பக்கமாக ஒதுக்கினோம். எலும்பை ஒட்டிக் கீறிய தொடையை முதலில் கரியில்லாத பக்கம் வைத்து, மேலே ஒரு அலுமினியத் தட்டைக் கவிழ்த்து மூடினோம். வெந்த பிறகு கரிப் பக்கம் நகர்த்தி, கடைசி ஐந்து நிமிடம் மட்டும் குலா மெலாக்காவும் புளியும் சேர்த்துக் காய்ச்சிய பாகைத் தடவினோம். வெப்பமானி 78 காட்டியது. "அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார் அப்பா. அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

தம்பியின் பங்கு ஒரு பழைய எண்ணெய் டின். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, கரியை அதற்குள் நிரப்பிக் கீழே காகிதத்தைக் கொளுத்தினான். காற்று கீழிருந்து ஏறி, விசிறாமலே இருபது நிமிடத்தில் மொத்தமும் கனன்றது.

இரண்டாவது பதார்த்தம் திருக்கை. சம்பால் என்ற மிளகாய் விழுதைத் தடவி வாழையிலையில் சுடுவது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் மீன் புதிதாக இல்லையென்றால் மூக்கிலேயே தெரிந்துவிடும். திருக்கையின் சதையில் யூரியா உண்டு. நாளாக நாளாக அது அமோனியாவாக மாறும். அம்மா விடியற்காலையில் தேக்கா சந்தைக்குப் போய், மூன்று கடையில் முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினார். சம்பாலை முதல் நாளே எண்ணெய் பிரியும்வரை வதக்கியாயிற்று.

போட்டி மே மாதம். பிற்பகல் இரண்டரைக்கு வழக்கம்போல் இடி, மழை. மூன்று மணிக்குத் தொடங்க வேண்டியது மூன்றரை ஆயிற்று. பாதிக் குழுக்களின் கரி நனைந்து புகைந்தது. எங்கள் எண்ணெய் டின்னோ கூடாரத்துக்குள் ஜம்மென்று எரிந்தது. அந்த ஒரு நிமிடம் தம்பியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மாட்டிக்கொண்டது விற்பனையில்தான். ஒரு ஈட்டுக்கு 16 தொடை, 35 நிமிடம். மூன்று மணி நேரத்தில் ஐந்து ஈடு என்று 80 தொடை ஊறவைத்திருந்தோம். மழை ஒரு ஈட்டை விழுங்கியது. நடுவர் தட்டுக்குப் போன மூன்றைக் கழித்தால் விற்க 61. நானோ கூப்பன் மேசையில் உட்கார்ந்து 72 கோழிக் கூப்பன் விற்றிருந்தேன். சுவை, மணம் என்று யோசித்த நாங்கள் மணிக்கு எத்தனை துண்டு வெளியே வரும் என்று திரும்பக் கணக்குப் போடவே இல்லை. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்ற ஒரு அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. கோழி கிடைக்காத பதினோரு பேரில் இரண்டு பேர்தான் பணத்தைத் திரும்ப வாங்கினார்கள். மற்றவர்கள் கூப்பனைப் பெட்டியிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். திருக்கையையும் சேர்த்து 460 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வசூல்.

பரிசு இல்லை. மதிப்பெண் தாளில் சுவைக்கு 8, தோற்றத்துக்கு 5. வாழையிலையில் வைத்தால் கொஞ்சம் இருட்டாகத்தான் தெரியும் என்று அப்பா கார் நிறுத்துமிடம் வரை விளக்கிக்கொண்டே வந்தார்.

ஐஸ் பெட்டியில் மிஞ்சிய பதினாறு தொடையும் மறுநாள் அம்மாவின் குழம்புச் சட்டிக்குப் போயின. அப்பா இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டு, "கொஞ்சம் புகை வாசம் இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். அம்மா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.