பழைய ஃபெடோரா: பத்தொன்பது பார்த்து ஒன்று வாங்கிய கணக்கு

பழைய ஃபெடோரா (மேலே நடு மடிப்பும் சுற்றிலும் விளிம்பும் உள்ள தொப்பி) தேடிய இந்தச் சுற்றில் ஆறு செகண்ட்ஹேண்ட் கடைகள், இரண்டு எஸ்டேட் சேல் (வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் விற்பனை). எல்லாம் அமெரிக்காவின் வடகிழக்கில். கையில் எடுத்துப் பார்த்த ஃபெல்ட் (உரோமத்தையோ கம்பளியையோ அழுத்திச் செய்த துணி) தொப்பிகள் 19, வாங்கியது 1. திரும்ப வைத்த 18-இல் ஒன்பது புதிய கம்பளித் தொப்பிகள், நான்கு அளவு சிறியவை, மூன்றில் உள்ளிருக்கும் தோல் பட்டை மக்கிப்போயிருந்தது, இரண்டு அந்து தின்றவை.

ஒன்பதைக் கழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே தோலுக்குப் பதில் துணிப் பட்டை, பாலியெஸ்டர் என்று போட்ட லேபிள், தைக்காமல் பசையால் ஒட்டிய ரிப்பன் இருந்தால் அது வேஷத்துக்கு வந்த தொப்பி. அக்டோபரில் ஹாலோவீன் அலமாரி முழுக்க இவைதான். சந்தேகமாக இருந்தால் விளிம்பை இரு விரலால் மெல்ல வளைத்துவிடுங்கள். முயல், பீவர் (நீரில் வாழும் பெரிய கொறிவிலங்கு) வகை உரோமத்தில் செய்த ஃபெல்ட் மெல்லிசாக, ஸ்வேட் தோல் போல வழுவழுப்பாக இருக்கும். விட்டதும் பழைய இடத்துக்கே வரும். கம்பளி ஃபெல்ட் அட்டை மாதிரி விறைப்பு, தொட்டால் சொரசொரப்பு. மழையில் நனைந்து சூட்டில் காய்ந்தால் அது சுருங்கவும் செய்யும். ஆவி காட்டி மறுபடி வடிவத்துக்குக் கொண்டுவர உரோம ஃபெல்ட்தான் ஏற்றது. வேட்டை அதற்குத்தான்.

அளவில் ஏமாறுவது எளிது. அமெரிக்க அளவு 7 என்றால் சுற்றளவு சுமார் 56 செ.மீ.; அதன்மேல் ஒவ்வொரு 1/8-க்கும் ஏறக்குறைய 1 செ.மீ. கூடும். 7 1/4 என்றால் 58, 7 3/8 என்றால் 59. பிரிட்டிஷ் தொப்பியில் எண் 1/8 குறைவாக இருக்கும். அங்கே 7 1/8 என்று போட்டிருப்பது அமெரிக்காவில் 7 1/4. ஆனால் தொப்பிக்குள் இருக்கும் அளவுச் சீட்டில் உள்ள எண் தொப்பி புதிதாக இருந்தபோது உள்ள அளவு. ஐம்பது அறுபது வருடத்தில் தோல் பட்டை காய்ந்து சுருங்கி, கூடவே ஃபெல்ட்டையும் உள்ளே இழுத்துவிடும். 7 1/4 என்று போட்டிருந்த ஒன்றில் டேப் காட்டியது 56.5. அதனால் சீட்டைப் படிப்பதற்கு முன் அளந்துவிடுவது நல்லது. வளையும் டேப்பை உள்பக்கம் பட்டையோடு ஒட்டிச் சுற்ற வேண்டும். டேப் இல்லையா? உள்நீளத்தையும் உள்ளகலத்தையும் அங்குலத்தில் அளந்து கூட்டிப் பாதியாக்கினால் வருவதுதான் அமெரிக்க அளவு.

அதிகம் கவனிக்க வேண்டியது தோல் பட்டை. ஃபெல்ட்டில் உள்ள தூசி, நசுங்கல், மடிப்பு எல்லாம் சரியாகிவிடும். மக்கிய தோல் திரும்பாது. முதலில் கெடுவது நெற்றி படும் இடம், வியர்வை உப்பு ஊறி. பட்டையை முழுக்க வெளியே புரட்டிப் பார்க்க வேண்டாம். கட்டைவிரலால் ஒரு சென்டிமீட்டர் மட்டும் நகர்த்துங்கள். அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்தது, தோலைத் தொப்பியோடு சேர்க்கும் தையல் வரிசை. தபால்தலை ஓரம் போல ஊசித்துளைகள் வழியாகத் தோல் கிழிந்திருந்தால் புதுப் பட்டை போட்டே ஆக வேண்டும். அந்தச் செலவு பெரும்பாலும் தொப்பி விலையையே தாண்டும். திரும்ப வைத்த மூன்றில் ஒன்று பேர்போன ஸ்டெட்சன் நிறுவனத் தொப்பி. பெயரைப் பார்த்து வாங்கியிருந்தால் வீண். (ஸ்டெட்சனின் பிலடெல்பியா ஆலை 1971-இல் மூடப்பட்டது, பிறகு அந்தப் பெயரில் வந்தவை உரிமம் பெற்ற வேறு ஆலைகளில் செய்தவை. ஆகவே பெயரே வயதுக்குச் சாட்சி ஆகாது. ஃபெல்ட்டின் தரத்தைக் காட்டப் போடும் 3எக்ஸ், 5எக்ஸ் முத்திரைகளும் நம்பத்தக்கவை அல்ல. எல்லா ஆலைக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது.)

அந்துக்கு, கைபேசி விளக்கைத் தொப்பிக்குள் வைத்து வெளியிலிருந்து பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டைகூட நட்சத்திரம் போல மின்னும். ரிப்பனுக்கு அடியில் இருந்தால் பரவாயில்லை. விளிம்பில் இருந்தால் மறைக்க வழியில்லை. கிரவுனின் (தலையை மூடும் மேல்பகுதி) முன்பக்கக் கிள்ளலையும் (விரலால் பிடிக்கும் பக்கக் குழிவு) அதே விளக்கில் பாருங்கள். வருடக்கணக்கில் விரலால் பிடித்துத் தூக்கித் தூக்கி அங்கே ஃபெல்ட் மெலிந்து வெடித்திருக்கும்.

வாங்கியது: டாப்ஸ் (Dobbs) என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழுப்பு நிறத் தொப்பி, எஸ்டேட் சேலில் 18 டாலர். விளிம்பு 2 1/2 அங்குலம், ஓரத்தில் ரிப்பன் தைத்தது. சீட்டில் 7 3/8, டேப்பில் 57.5. தேவை 58. பட்டைக்குப் பின்னால் விற்ற கடையின் காகித வில்லை, அதில் 'பிலடெல்பியா 7' என்ற முகவரி. ஊர்ப் பெயருக்குப் பின் இப்படி ஓரிரு இலக்கம் மட்டும் வந்தால் அது 1943-இல் தொடங்கிய தபால் மண்டல எண். 1963-இல் ஐந்து இலக்க ஜிப் கோடு வந்துவிட்டது. ஆக, தொப்பி அந்த இருபது வருடத்துக்குள். அறுபதுகளில் விளிம்பு 2 அங்குலத்துக்கும் கீழே குறுகிப்போனதால், அகலத்தைப் பார்த்து முற்பாதி என்று கொள்ளலாம்.

இந்தத் தேதிக்கு இன்னொரு பயனும் உண்டு. உரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளப் பாதரச நைட்ரேட் தடவுவது அந்தக் கால வழக்கம். அமெரிக்காவில் 1941 டிசம்பரில்தான் அது நின்றது. அதற்கு முந்தைய தொப்பியில் பாதரசம் தங்கியிருக்கலாம். அப்படிப்பட்டதற்கு ஆவி காட்டுவதே வேண்டாம்; கையுறை போட்டு எடுத்து வைப்பதோடு சரி. இதற்கும் ஆவி வேலையை ஜன்னல்களைத் திறந்துவைத்துத்தான் செய்தது.

நாள் 1. பாலிதீன் பையில் போட்டு, காற்றை முடிந்தவரை வெளியேற்றி, வாயை ஒட்டி ஃப்ரீசரில் (மைனஸ் 18 டிகிரி) வைத்தாயிற்று. கண்ணுக்குத் தெரியாத அந்து முட்டைக்காக இரண்டு வாரம்.

நாள் 15. வெளியே எடுத்தது, பையைத் திறக்கவில்லை. குளிர்ந்த ஃபெல்ட்டில் அறைக் காற்று பட்டால் ஈரம் பூத்துவிடும். ஒரு நாள் மூடியபடியே.

நாள் 16. குதிரைமுடி பிரஷ், மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். மயிர்ப்படிவு அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. பிரஷ் போகாத அழுக்குக்குக் கரி துடைக்கும் உலர் ரப்பர் ஸ்பாஞ்ச். தண்ணீர் தொடவில்லை. ரிப்பனுக்கு மேலே எண்ணெய்க் கறை ஒரு விரல் நீளத்துக்கு. கார்ன்ஃப்ளார் தூவி இரவு முழுக்க விட்டு உதறியதில் பாதி போயிற்று. மறுநாள் இன்னொரு முறை. இப்போது வெயிலில் மட்டும் தெரிகிறது.

நாள் 18. தோல் பட்டை. பிழிந்த துணியால் ஒரு தடவை துடைத்து, தோல் கண்டிஷனரை விரலால் மெல்லிய பூச்சாக இரண்டு தடவை, நடுவில் ஒரு நாள் இடைவெளி. அள்ளிப் பூசினால் எண்ணெய் ஃபெல்ட்டுக்குள் இறங்கி வெளியே கறையாகத் தெரியும். விரிக்கும் வேலையை இதற்கு முன் தொட்டால் தோல் வெடிக்கும்.

நாள் 21 முதல் 24 வரை. ஹேட் ஜாக் என்ற மரத் திருகுக் கருவி, நெற்றியிலிருந்து பின்தலை நோக்கி வைத்து. நாளுக்குக் கால் திருகு மட்டும். அவசரப்பட்டால் முதலில் விடுவது பின்பக்கம் பட்டையின் இரு முனையும் சேரும் இடம். அங்கே நூல் இழுபடுவதைப் பார்த்து நான்காம் நாள் நிறுத்தியாயிற்று. டேப்பில் 58.2. சீட்டு சொல்லும் 59 வரை போகத் தேவையுமில்லை, தோலுக்கு அவ்வளவு தெம்புமில்லை.

நாள் 25. வடிவம். தோல் பட்டையை வெளியே புரட்டிவிட்ட பிறகே கெட்டில் பக்கம் போக வேண்டும்; ஆவி பட்ட தோல் சுருங்கி, நான்கு நாள் திருகியதெல்லாம் போய்விடும். கெட்டில் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, பத்துப் பதினைந்து விநாடி, ஃபெல்ட் தளரும்வரை. உள்ளிருந்து கை முஷ்டியால் நசுங்கலை வெளியே தள்ளி, நடு மடிப்பை விரல் ஓரத்தால் மறுபடி பதித்தது. நனையும்வரை காட்டக் கூடாது. ஆறும்போது விளிம்பைத் தரையில் படுக்கப் போட்டால் தட்டையாகிவிடும்; தலைகீழாக, கிரவுன் கீழே இருக்கும்படி வைத்தது.

முன்பக்கக் கிள்ளல் வலப்புறம் கொஞ்சம் மெலிவு. விளக்கில் வெளிச்சம் கசிகிறது, வெடிப்பு இல்லை. இனி விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பது.

பாக்கி ரிப்பன். வெயிலில் வெளுத்து வைக்கோல் நிறம். போவுக்கு (ரிப்பனின் பக்கவாட்டு முடிச்சு) அடியில் மட்டும் பழைய அடர் பழுப்பு அப்படியே இருக்கிறது, புது ரிப்பனுக்கு நிறம் பார்க்க அதுவே மாதிரி. அகலம் 38 மி.மீ., ரேயான் கலந்த பருத்தி குரோஸ்கிரெய்ன் (குறுக்கு வரிகள் உள்ள ரிப்பன்), போ சேர்த்து 1.2 மீட்டர் போதும். பாலியெஸ்டர் ரிப்பன் ஆவிக்கு வளைந்து கொடுக்காது, கிரவுனின் சரிவில் மேல் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும்.