பேத்தியின் டேப்பும் 10-ஆம் எண்ணும்

வீடுகளில் வைஃபை, கேமரா, பிரின்டர் இணைத்துக் கொடுப்பது என் வேலை. ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் நடந்தது, நான் ஐபி எண் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள முகவரி) போடும் விதத்தையே மாற்றிவிட்டது.

"தம்பி, பொண்ணு குடும்பத்தோட வந்தாலே பிரின்டர் ஓட மாட்டேங்குது. அவங்க கிளம்பினா சரியாயிடுது" என்றார் போனில். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் ஒழுங்காக அச்சடித்தது. மூன்றாவது முறை, பொங்கல் விடுமுறையில் மகள் வீட்டார் இருக்கும்போதே போனேன்.

பிழை என்னுடையது. பிரின்டருக்கு 192.168.1.10 என்ற எண்ணை அதன் திரையிலேயே நிலையாகப் போட்டுவிட்டு வந்திருந்தேன். ரவுட்டர் என்ன எண்களைக் கொடுக்கிறது என்று பார்க்கவில்லை. அது கடைசிப் பகுதியை 2-இல் தொடங்கி 254 வரை வைத்து, சேரும் கருவிகளுக்கு வரிசையாக எண்களை இரவல் கொடுத்துக்கொண்டிருந்தது. வீட்டில் வழக்கமாக இருப்பவை ஐந்தாறு கருவிகள்; வரிசை 10-ஐ எட்டியதே இல்லை. விருந்தாளிகளின் போன்களும் லேப்டாப்பும் சேர்ந்ததும் எட்டிவிட்டது. அப்போது பிரின்டர் அணைந்திருந்ததால், எண் காலி என்று எடுத்துப் பேத்தியின் டேப்புக்குக் கொடுத்துவிட்டது ரவுட்டர். அப்புறம் பிரின்டரைப் போட்டால் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. தபால் எங்கே போகும்?

அன்று இரண்டு வேலை செய்தேன். ரவுட்டர் இரவல் தரும் எண்களை 100 முதல் 199 வரை என்று சுருக்கினேன். பிரின்டரை, ரவுட்டரிடமே எண் வாங்கும் தானியங்கி முறைக்குத் திருப்பி, அதன் மேக் முகவரியை (கருவியோடே வரும் அடையாள எண்) ரவுட்டரில் பதிந்து, 10-ஐ அதற்கென ஒதுக்கிவைத்தேன். பிரின்டர் எப்போது கேட்டாலும் அதே எண்தான் கிடைக்கும். எண் கணக்கு முழுவதும் ஒரே இடத்தில், ரவுட்டரில், இருக்கும். கேமரா காட்சிகளைப் பதியும் பெட்டியான டிவிஆருக்கும் இதையே செய்தேன்.

கருவியிலேயே எண்ணைப் போடுவது இன்னொரு நாளும் காலை வாரும். ரவுட்டரை மாற்றினால் புதியது 192.168.0 வரிசையில் இருக்கலாம். தானியங்கியில் இருப்பவை தாமாக ஒரு புது எண்ணை வாங்கிக்கொள்ளும். கையால் எண் போட்டவை பழைய வரிசையிலேயே நின்றுவிடும்; அவற்றை யாராலும் எட்ட முடியாது. ஒதுக்கீட்டிலும் ஒரு கவனம் வேண்டும்: இப்போதைய போன்கள் வைஃபையில் நிஜ மேக் முகவரிக்குப் பதில் வேறொன்றைக் காட்டுகின்றன. போனுக்கு எண் ஒதுக்குவதானால், வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும்.

நிறையப் பேர் பிரின்டர் சிக்கலுக்கே "நிலையான ஐபி வாங்கணுமா?" என்று கேட்கிறார்கள். மாதாமாதம் பணம் கட்டி வாங்குவது வெளியே தெரியும் முகவரி. வீட்டுக்குள் ஓடும் 192.168 எண்கள் 1996-இலேயே தனிப்பட்ட நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கப்பட்டவை. யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். இதைச் சொல்லாமல் காசு வாங்குவது எனக்கு மனம் வராத காரியம். வெளியூரிலிருந்து டிவிஆரை நேரடியாகத் திறக்க வேண்டும் என்பவர்களுக்கு அந்த வெளி முகவரி தேவைப்படலாம். ரவுட்டரின் வெளி எண் 100.64 முதல் 100.127 வரையில் இருந்தால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்று அர்த்தம். அப்போது ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவிட்டாலும் பயனிருக்காது.

கிளம்பும்போது சாரிடம் ஒரு தாள் கேட்டேன். கருவி, மேக் முகவரி, எண் என்று நான் சொல்லச் சொல்ல, ஸ்கேலால் கோடு போட்டு அவரே எழுதினார். "இது எதுக்குத் தம்பி?" என்றார்.

"நான் இல்லாதப்ப வேற யாராவது வந்தா வேணும் சார்."

அடுத்த வருடம் அந்த வீட்டு ரவுட்டர் மாறியது. மாற்ற வந்த பையனிடம் தாளை நீட்டியிருக்கிறார். அதைப் பார்த்தே அவன் எல்லா எண்களையும் பதிந்துவிட்டுப் போயிருக்கிறான். என்னைக் கூப்பிட வேண்டியே வரவில்லை.